பால் குடி என்றால் போதுமா?

பெண் பிள்ளைகளின் எலும்பைப் பற்றிப் பேச்செடுத்தாலே "பால் குடிக்கணும்" என்று முடித்து விடுகிறார்கள். தினமும் பால் வாங்க முடியாத வீட்டுப் பெண் என்ன செய்வாள்?

கணக்கைப் பாருங்கள். பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டின் ஐ.சி.எம்.ஆர். பரிந்துரை. 100 கிராம் அரிசியில் இருப்பது சுமார் 10 மில்லிகிராம். கேழ்வரகிலோ 340க்கு மேல்! எலும்பின் வலு பெரும்பாலும் இருபது வயதுக்குள் சேர்ந்து விடுகிறது. அப்போது விட்டதை, மாதவிடாய் நின்று எலும்பு தேயும் ஐம்பது வயதில் பிடிக்க முடியாது.

கேழ்வரகின் கால்சியம் முழுவதும் உடம்பில் சேராது என்பார்கள். உண்மைதான். முளைகட்டினால், கூழாகப் புளிக்க வைத்தால் கூடுதலாகச் சேரும். நம் பாட்டிகள் செய்தது அதைத்தானே!

கல்வராயன் மலையில் கேழ்வரகு விளைகிறது. அடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் ரேஷனை நம்பிய வீட்டுக்கு வருவதோ அரிசி. இலவச அரிசி பசியைத் தீர்த்தது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எலும்பின் பசி?

2023ல் நீலகிரி, தர்மபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. அந்தப் பட்டியலில் கள்ளக்குறிச்சி இல்லை. மலைக்காரரிடம் வாங்கி அடிவாரத்துப் பெண்களுக்குக் கொடுக்க என்ன தடை? அறிவுரை போதும், கேழ்வரகு கொடுங்கள்!