நற்பணியாளருக்கு வரும் சோதனை

தவக்காலத்தின் முதலாம் ஞாயிறன்று எல்லாப் பங்குகளிலும் ஒரே நிகழ்ச்சியே நற்செய்தியாக வாசிக்கப்படுகிறது. ஓர் ஆண்டு மத்தேயு, மறு ஆண்டு மாற்கு, அதற்கடுத்த ஆண்டு லூக்கா என்று நூல் மாறினாலும், இயேசு பாலைநிலத்தில் சோதிக்கப்பட்ட நிகழ்ச்சி மாறுவதில்லை. எமது மறையுரைகளும் அநேகமாக மாறுவதில்லை. கசிப்பு, சூது, தீய நட்பு, இப்பொழுது கைத்தொலைபேசி என்று ஒரு பட்டியலைச் சொல்லி, இவற்றிலிருந்து விலகுங்கள் என மக்களுக்கு அறிவுரை கூறிவிட்டுப் பீடத்திற்குத் திரும்புகிறோம். இவை ஆபத்துகள் அல்ல என்று நாம் கூறவில்லை. கசிப்பினால் சீரழிந்த குடும்பங்களை எமது பணித்தளங்களில் அன்றாடம் காண்கிறோம். ஆயினும் அந்த நற்செய்திப் பகுதியை ஆறுதலாக வாசிக்கும்போது ஒரு விடயம் மனதை உறுத்துகிறது. அலகை இயேசுவின் முன் வைத்த யோசனைகளில், கடைசியில் தன்னை வணங்கும்படி கேட்டதைத் தவிர, வெளிப்படையாகத் தீயதென்று சொல்லத்தக்கது எது? பசித்தவன் அப்பம் உண்பது குற்றமா? இறைவனின் பாதுகாப்பை நம்புவது குற்றமா? உலகத்து அரசுகள் ஒரு நல்லவரின் கைக்கு வருவது தீமையா? கோவில் உச்சியில் நின்று பேசிய அலகை, தன் பேச்சுக்கு ஆதாரமாக 91ஆம் திருப்பாடலையே எடுத்துக் கொண்டது.

எமது சிறுபராயத்தில் ஊர்க் கோவிலில் அதிதூதர் மிக்கேலின் சுரூபம் ஒன்று இருந்தது. அவருடைய காலடியில் கொம்பும் வாலும் கரிய மேனியுமாகப் பசாசு கிடக்கும். 1995இல் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வந்த பின்னர் பசாசு ‘அலகை’ ஆயிற்று. கொம்பும் வாலும் மட்டும் எமது மனதில் அப்படியே இருந்துவிட்டன. கொம்போடு வருவதை யாரும் இனங்கண்டு கொள்வர். பாலைநிலத்தில் வந்ததோ பசித்தவர்மேல் கரிசனை கொண்டவரைப்போலப் பேசிற்று.

‘சோதனை’ என்னும் எமது சொல்லையும் சற்று எண்ணிப் பார்க்கலாம். பாவத்திற்கு இழுப்பதும் சோதனை. பொறுமையைப் பரீட்சிப்பதும் சோதனை. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லுக்கும் இவ்விரு பொருளும் உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் வளர்ந்த எமக்கு மூன்றாவது பொருளொன்றும் தெரியும். சோதனைச் சாவடியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி நின்ற தலைமுறை நாம். அங்கே எல்லோருடைய பைகளும் திறக்கப்பட்டன. ஆன்மீக வாழ்விலோ எமது பையைத் திறக்காமலே கடந்துவிடலாம் என்று குருக்களும் துறவியரும் களப்பணியாளரும் எண்ணிக்கொள்கிறோம். நற்பணி செய்கிறோம் என்பதே எமக்கு அனுமதிச் சீட்டாகிவிடுகிறது.

முன்னோர் அவ்வாறு எண்ணவில்லை. எகிப்தியப் பாலைநிலத்தில் துறவியாக வாழ்ந்து 399இல் மரித்த எவாக்ரியுஸ், மனிதனைத் தாக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்தார். பிற்காலத்தில் ‘தலையான பாவங்கள் ஏழு’ என்று நாம் மனப்பாடம் செய்த பட்டியல் இதிலிருந்தே பிறந்தது. அவர் அந்த எட்டையும் சந்தை வீதியில் நிற்பவர்களுக்காக எழுதவில்லை; அனைத்தையும் துறந்து செபத்தில் வாழ்ந்தவர்களுக்காகவே எழுதினார். அவற்றுள் வீண்புகழ் என்பது, மற்றத் தீமைகளை வென்றவனையே தேடி வருவதென்று அவர் கண்டார். ஒருவன் எவ்வளவுக்கு நன்மை செய்கிறானோ, அவ்வளவுக்கு அதற்குத் தீனி கிடைக்கிறது.

இன்னொன்றை அவர் நண்பகல் வேளையில் வரும் பேய் என்றார். பொழுது நகராததுபோலத் தோன்றும். இருக்கும் இடம் வெறுக்கும். சகோதரரிடத்தில் அன்பு இல்லையென்று தோன்றும். வேறெங்காவது போனால் நன்றாகப் பணி செய்யலாமே என்று மனம் அலையும். எமது பழைய ஞானோபதேசத்தில் இது ‘சோம்பல்’ என்று சுருங்கிவிட்டது. அது போதிய சொல்லன்று. அவருக்குப் பின் வந்த யோவான் கசியான் இதைப்பற்றிச் சொல்வது கூர்மையானது. இந்தச் சோர்வு பிடித்த துறவிக்கு, தூரத்தில் இருக்கும் நோயாளியைப் போய்ப் பார்க்க வேண்டும், ஆதரவற்ற பெண்ணொருவருக்கு உதவ வேண்டும் என்ற பக்தியான எண்ணங்கள் வருமாம். தனது அறையில், தனது கடமையில் இருக்க முடியாதவன், அன்புப் பணியின் பெயரால் ஓடுகிறான். காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு பயிற்சிப் பட்டறை, மாலையில் கொழும்புக்குப் பயணம் என்று வாழும் எம்மைக் கசியான் கண்டிருந்தால் என்ன எழுதியிருப்பாரோ! சோம்பேறி என்று ஒருவரும் எம்மைச் சொல்லார்.

லொயோலா இஞ்ஞாசியாரின் வாழ்விலிருந்து ஒரு சிறு நிகழ்ச்சி. 1524இல், முப்பது வயதைக் கடந்தபின், பார்சலோனா நகரில் சிறுவர்களைப்போல இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கினார். பாடத்தை மனனம் செய்ய அமர்ந்தவுடன் ஆழ்ந்த ஆன்மீக ஒளியும் இனிமையும் அவரை நிரப்பும். படிக்க முடியாமற் போகும். எவரும் இதை இறைவனின் கொடை என்றுதான் நினைப்பர். அவரோ ஒன்றைக் கவனித்தார். செபத்திலும் திருப்பலியிலும் வராத இந்த ஒளி, இலக்கணப் புத்தகத்தைத் திறக்கும்போது மட்டும் ஏன் வருகிறது? இது சோதனை என்று கண்டுகொண்டு, ஆசிரியரைக் கோவிலுக்கு அழைத்துச் சென்று நடந்ததைச் சொல்லி, இனி இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு வகுப்பையும் தவறவிடேன் என்று வாக்களித்தார். அதன்பின் அத்தொல்லை நின்றது. தீய ஆவி ஒளியின் தூதனைப்போல வரும் என்று அவர் எழுதியது ஏட்டறிவினால் அன்று.

இனி எமது விடயத்திற்கு வருவோம்.

கல்லை அப்பமாக்கும் சோதனை எமக்கு 2004 டிசம்பர் 26க்குப் பின் பெருமளவில் வந்தது. அப்பொழுது நாம் குருமட மாணவராக நிவாரணப் பணிக்கு அனுப்பப்பட்டிருந்தோம். கடற்கோள் அள்ளிச் சென்ற கரைகளுக்குப் பணமும் பொருளும் வந்து குவிந்தன. சில கரையோரங்களில் முன்பு இருந்தவற்றிலும் கூடுதலான சிறு வள்ளங்கள் கொடுக்கப்பட்டன. கடலுக்குப் போகாதவர்களுக்கும் கிடைத்தன. கொடுக்க வேண்டிய தேவை மக்களுடையதா, கொடுப்பவர்களுடையதா என்று கேட்க அன்று ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை. பல ஆண்டுகளாகக் கைப்பிடி அரிசி சேர்த்தும் சிரமதானம் செய்தும் வளர்ந்த சிறு சங்கங்கள், ‘எந்த நிறுவனம் என்ன தருகிறது’ என்று பார்த்து நிற்கப் பழகின. பசிக்கு உணவு கொடுக்கத்தான் வேண்டும். இயேசுவும் பின்னர் ஐயாயிரம் பேருக்குக் கொடுத்தார். ஆனால் கொடுப்பவர் என்ற பெயருக்காக அவர் கல்லைத் தொடவில்லை.

கோவில் உச்சியின் சோதனையை 2022இல் கண்டோம். பொருளாதார நெருக்கடியில் மண்ணெண்ணெய் இன்றி வள்ளங்கள் கரையில் கிடந்த மாதங்கள் அவை. உலர் உணவுப் பொதிகளைக் கொடுக்க ஒரு கரையோரக் கிராமத்திற்குச் சென்றோம். வாகனத்தில் முதலில் இறங்கியது பதாகை; பொதிகள் அதன் பின்னரே இறங்கின. பெயர் வாசித்து, பதாகையின் முன் நிறுத்தி, பொதியை நெஞ்சளவில் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தோம். உதவியவர்களுக்கு அறிக்கை அனுப்ப அது வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் சம்மாட்டியாக இருந்த முதியவர் ஒருவர், “சுவாமி, படம் எடுக்கிறதெண்டா எனக்கு இது வேண்டாம். நானும் ஒரு காலத்திலை ஆக்களுக்குக் குடுத்தவன்” என்றார். வரிசை நீண்டிருந்தது. “ஒரு நிமிசந்தானே ஐயா” என்று சொல்லி அவரையும் நிறுத்தினோம். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் படம் எம்மிடம் இன்னும் இருக்கிறது. மற்றப் படங்களிலெல்லாம் நாம் சிரித்துக்கொண்டு நிற்கிறோம்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, உறவினரும் கைவிட்ட நோயாளரைப் புனித யோசேப் வாஸ் அடிகளார் தேடிச் சென்று பராமரித்தார். 2015 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்த நாளில் நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகப் பெருமையோடு நின்றோம்! 

மூன்றாவது சோதனை உலகத்து அரசுகளைப் பற்றியது. எமக்கு ஏது அரசு என்று கேட்கலாம். பயனாளிகள் பட்டியல் ஒன்று கையில் இருந்தால் போதும்; கிராமத்தில் அது ஓர் அரசுதான். தெருவில் எம்மைக் கண்டு விலகிப் போனவர் அன்று நின்று தோத்திரம் சொல்வார். “சுவாமி சொன்னால் நடக்கும்” என்ற பேச்சு காதில் விழும். அது இனிப்பானது என்பதை ஒளிப்பதில் பயனில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் ஆடு வளர்ப்புத் திட்டம் ஒன்று வந்தது. இருபத்துநான்கு குடும்பங்களுக்கு இடமிருந்தது. அவ்வூரில் ஒருவர், அதற்குச் சில மாதங்கள் முன்பு பங்குச் சபைக் கூட்டத்தில் எழுந்து, திருவிழாச் செலவுக் கணக்கை எல்லோர் முன்னும் வாசிக்கும்படி எம்மைக் கேட்டிருந்தார். கேட்ட விதம் சற்றுக் கடுமை, கேட்டது நியாயம். பட்டியல் தயாரித்தபோது அவருடைய பெயர் அதில் வரவில்லை. காரணங்கள் இருந்தன. வீட்டுக்குக் கல்சுவர் உண்டு. தம்பி வெளிநாட்டில் இருக்கிறார். காணியில் கிணறும் உண்டு. இவை யாவும் உண்மை. அன்றிரவு செபத்திலும் எமக்கு அமைதியாகவே இருந்தது; வறியவருள் வறியவரைத் தெரிந்தெடுத்தோம் என்ற திருப்தியும் இருந்தது. பல வாரங்கள் கழித்து, கோப்பை மூடுவதற்காகப் பட்டியலை மீண்டும் பார்த்தபோதுதான், கல்சுவரும் கிணறும் வெளிநாட்டில் மகனும் உள்ள இன்னொரு குடும்பம் பதினொன்றாம் இலக்கத்தில் இருப்பதைக் கண்டோம். அவர்கள் எம்மோடு ஒருநாளும் முரண்பட்டதில்லை.

‘நாம்’ என்று எழுதிக்கொண்டு வருகிறோம். இந்தச் சொல்லும் ஒருவகையில் ஒளிந்துகொள்ள வசதியானது. பட்டியலை எழுதிய கை ஒன்றுதான். இதை எழுதுவதும் அதே கைதான்.

2013இல் திருத்தந்தை பிரான்சிஸ், நற்செய்தி அறிவிப்பைப் பற்றிய தமது திருத்தூது ஊக்கவுரையில், பணியாளருக்கு வரும் சோதனைகளுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். பக்தியின் தோற்றத்தோடு தன் பெருமையையே தேடும் ஆன்மீக உலகப்பற்றைப்பற்றி அதில் எச்சரித்தார். அதை எமது குருக்கள் கூட்டங்களில் ஒரு தடவையாவது உரக்க வாசித்து உரையாடினால் நல்லது. எமது நிறுவனங்களில் ஆண்டுதோறும் கணக்காய்வு நடக்கிறது. எரிபொருள் பற்றுச்சீட்டு ஒன்று குறைந்தாலும் கேள்வி வரும். முன்னோர் இரவுதோறும் செய்யப் பழக்கிய ஆத்தும சோதனையை மட்டும், களைப்பென்று சொல்லி முதலில் கைவிட்டவர்கள் நாமே. இச்சொல்லிலும் ‘சோதனை’ இருக்கிறது; இந்தச் சோதனையில் பையைத் திறப்பவர் நாமாகவே இருக்க வேண்டும்.

தனியே செய்யும் ஆத்தும சோதனையும் போதாது. அன்றிரவு எமக்கு அமைதி இருந்ததே! தீய ஆவி இரகசியத்தை விரும்பும், வெளியே சொல்லப்பட்டால் அதன் வேலை கெட்டுவிடும் என்பது இஞ்ஞாசியாரின் அனுபவம். அவர் ஆன்ம குருவிடம் திறந்து சொல்லும்படி அறிவுறுத்தினார். அதை நாமும் செய்தோம். ஆனால் பட்டியல் ஊருக்குரியது; ஆகவே ஊரிடமும் திறக்க வேண்டுமென்று அவர் எமக்குச் சொன்னார். இதைக் குருத்துவத்தின் மதிப்புக்குக் குறைவென்று நினைக்கும் சகோதர குருக்கள் உண்டு. மக்கள் தங்களுக்குள் சண்டையிடுவர் என்பது அவர்களின் வாதம். சண்டை வந்தது உண்மைதான். முதற் கூட்டம் மாலை நான்கு மணிக்குத் தொடங்கி விளக்கு வைத்த பின்னரும் முடியவில்லை. பதினொன்றாம் இலக்கத்துக் குடும்பம் ஏன் என்று கேட்டவர்கள் பலர். விடுபட்டவரோ ஒன்றும் கேட்கவில்லை.

அவருடைய வீட்டிற்கு அதற்கு முன்பே போயிருந்தோம். செய்ததைச் சொன்னோம். அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் இருந்தார். “எனக்குத் தெரியும் சுவாமி. வீட்டுக்காரிக்குத்தான் சொல்லேல்லை, அவ பூசைக்கு வாறதை நிப்பாட்டிப் போடுவா எண்டு” என்றார். உள்ளே அந்த அம்மா தேநீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

இப்பொழுது அவ்வூரில் எந்த உதவி வந்தாலும், பெயர்களும் அவற்றைத் தெரிந்த காரணங்களும் மாதர் சங்கக் கொட்டிலில் வாசிக்கப்படுகின்றன. வாசிப்பவர் சங்கத் தலைவி. நாம் பின் வாங்கில் இருக்கிறோம். திருவிழாக் கணக்கும் அங்கேதான் வாசிக்கப்படுகிறது.