ஞாயிற்றுக்கிழமை யாருக்கு?

ஒரு வீட்டில் வயோதிகர் ஒருவர் நோய்வாய்ப்பட்டிருக்கிறார் என்று தெரிந்தால், உறவினர்கள் சாத்துக்குடியும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு பார்க்க வருகிறார்கள். கட்டிலண்டை உட்கார்ந்து, "இப்பொழுது எப்படி இருக்கிறது?" என்று விசாரிக்கிறார்கள். அது நல்ல வழக்கந்தான். ஆனால் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரமாய் நிற்கும் அம்மாளைப் பார்த்து, "நீ எப்படி இருக்கிறாய், அம்மா? நேற்றிரவு தூங்கினாயா?" என்று கேட்பவர்கள் மிகச் சிலரே.

மற்ற நோய்களில் இந்தக் கவனக் குறைவை மன்னித்துவிடலாம். ஜுரம் பத்து நாளில் இறங்கும்; முறிந்த எலும்பு சில மாதங்களில் கூடும். 'டிமென்ஷியா' என்று வைத்தியர்கள் குறிப்பிடும் மறதி நோயோ வருஷக் கணக்கில் நீடிப்பது. பெரும்பாலும் மெல்ல மெல்ல முற்றுவது. அதன் முக்கிய வகையை ஜெர்மானிய வைத்தியர் அலோய்ஸ் ஆல்ஸைமர் 1906-ஆம் வருஷம் எடுத்துரைத்தார். நூற்றாண்டுக்கு மேலாகியும் அதைப் பூரணமாய்க் குணப்படுத்தும் மருந்து கிடைக்கவில்லை. நமது தேசத்தில் அறுபது வயதானவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், அதாவது சுமார் 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது. சாலை விபத்தில் தலையில் அடிபட்டு, உயிர் பிழைத்தும் பழைய சுபாவம் திரும்பாதவர்களின் குடும்பங்களையும் இத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவர்களைப் பேணுவது யார்? பெரும்பாலும் வீட்டார்தான், வீட்டாரிலும் பெண்கள்தான். மறதி நோயாளிகளைக் கவனிக்கும் குடும்பத்தார் தினந்தோறும் சராசரி 5 மணி நேரம் அதற்கென்று செலவிடுகிறார்கள் என்றும், மொத்த உழைப்பில் நூற்றுக்கு 70 பங்கு பெண்களுடையது என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. 1981-இல் அமெரிக்காவில் நான்ஸி மேஸ், பீட்டர் ராபின்ஸ் என்னும் இருவர் இக்குடும்பங்களுக்காக எழுதிய நூலுக்கு 'முப்பத்தாறு மணி நேர நாள்' என்று பெயரிட்டார்கள். நம் வீட்டுப் பெண்களுக்கு அந்தப் பெயரின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

உடலுழைப்பைவிடப் பெரிய துன்பம் ஒன்று உண்டு. மாமியார் தம் வளையலை எங்கேயோ வைத்து மறந்துவிட்டு, "மருமகள் எடுத்துக்கொண்டாள்" என்கிறார். அது பொய்யுமன்று, பொல்லாத்தனமுமன்று, நோயின் குறி. ஆனால் வெளியூரிலிருந்து இரண்டு மணி நேரம் வந்து போகும் பிள்ளைக்கு இது தெரிவதில்லை. விருந்தாளி வந்தால் நோயாளி சற்று நேரம் தெளிவாகப் பேசுவதும் உண்டு. "அம்மா நன்றாகத்தானே இருக்கிறாள்? நீங்கள்தான் மிகைப்படுத்துகிறீர்கள்!" என்று சொல்லிவிட்டு அவர் ரயிலேறிவிடுகிறார். இரவு இரண்டு மணிக்குத் தாழ்ப்பாளைத் திறந்து தெருவில் இறங்கும் மாமியாரைத் தேடி ஓடுகிறவள் மருமகள்.

ஆகவே, இத்தகைய வீட்டார் சில விஷயங்களை அறிந்திருப்பது நலம். முதலாவது, "வயதானால் மறதி சகஜந்தானே" என்று இருந்துவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். தைராய்டுக் கோளாறு, பி-12 வைட்டமின் குறைவு முதலியவற்றால் வரும் மறதி சிகிச்சையால் சீர்படக்கூடும். ஓரிரு நாளில் திடீரென்று புத்தி தடுமாறினால், உடலில் வேறு நோய் புகுந்திருக்கலாம், அப்பொழுது தாமதிக்கலாகாது. இரண்டாவது, நோயாளியுடன் வாதம் செய்யாதீர்கள். காலமான கணவரை எங்கே என்று அவர் கேட்கும்போதெல்லாம் மரணச் செய்தியைச் சொன்னால், ஒவ்வொரு தடவையும் அது அவருக்குப் புதிய துக்கம். "அவருக்கு என்ன பலகாரம் பிடிக்கும்?" என்று பேச்சை அவர் நினைவின் வழியே நடத்திச் செல்லலாம். மூன்றாவது, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு ஒன்று எப்பொழுதும் அவர் சட்டையிலோ புடவைத் தலைப்பிலோ இருக்கட்டும்.

நோயாளிக்குச் செய்ய வேண்டியவை இவை. அவரைப் பேணுகிறவளுக்கு நாம் என்ன செய்கிறோம்? "பொறுமையில் பூமாதேவி" என்று புகழ்கிறோம். புகழ்ச்சியால் ஒரு மணி நேரத் தூக்கங்கூடக் கிடைப்பதில்லை. அவள் ஒரு நாள் பொறுமை இழந்து கத்திவிட்டு, பிறகு சமையலறையில் நின்று அழுதால், அது குணக்கேடு அன்று. உடலும் மனமும் ஓய்வு கேட்கின்றன என்பதற்கு அடையாளம்.

"பெற்றோரைப் பேணுவது தர்மம் அல்லவா? தர்மத்துக்கு விடுமுறை உண்டா?" என்று சிலர் கேட்கக்கூடும். தர்மந்தான், சந்தேகமில்லை. ஆனால் யாருடைய தர்மம்? பெற்றோர் பராமரிப்பைப் பற்றிய 2007-ஆம் வருஷத்துச் சட்டம், மகன், மகள், பேரன், பேத்தி என்று கடமைப்பட்ட மக்களின் வரிசையைச் சொல்கிறது. அந்த வரிசையில் மருமகளின் பெயர் இல்லை. சட்டப் புத்தகத்தில் இல்லாத பெயர் வீட்டில் மட்டும் முதலாவதாக நிற்கிறது! மாதந்தோறும் பணம் அனுப்புவதோடு தங்கள் பங்கு தீர்ந்தது என்று நினைக்கும் புத்திரர்கள் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். பணம் அவசியந்தான், ஆனால் இரவில் விழித்திருக்க ஓர் ஆளும் அவசியம்.

உதவி கேட்பதில் வெட்கமும் வேண்டாம். மறதி நோயாளிகளின் குடும்பங்களுக்காக 1992-இல் கேரளத்தில் தொடங்கிய அல்ஸைமர் சங்கத்துக்கு இன்று பல நகரங்களில் கிளைகள் உண்டு. முதியோர் சம்பந்தமான யோசனைகளுக்கு 14567 என்ற எண்ணும், மனச்சோர்வுக்கு 14416 என்ற எண்ணும் சர்க்கார் ஏற்படுத்தியவை. இரண்டாவது எண், பேணுகிறவர்களுக்கும் உரியது.

இந்த வாரமே அண்ணன் தம்பி, அக்காள் தங்கை எல்லோரும் கலந்து பேசி ஒரு முறை வகுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு முழுப் பகலும் ஓர் இரவும் அவளுக்குச் சொந்தமாகட்டும். அன்று அவள் கோயிலுக்குப் போகலாம், பிறந்தகம் போகலாம், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். எங்கே போனாய் என்று யாரும் கேட்க வேண்டாம். அன்று நோயாளிக்கு எத்தனை மணிக்குச் சாப்பாடு, எந்த மாத்திரை என்பதை மட்டும் முன்னதாகவே அவளிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.