மகன் எப்போது திரும்புவான்?

மேல்பட்டாம்பாக்கம் சின்ன ஊர். பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவே, கடலூர் போகும் ரெயில் பாதையில் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் சிலர் கரும்பு வெட்டப் போவார்கள். சிலர் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குப் போவார்கள். சிலர் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போவார்கள். சில வீட்டுப் பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போவார்கள்.

பட்டாளத்துக்குப் போகும் பிள்ளை லீவு முடிந்து புறப்படும்போது, தாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்.

"எப்பப்பா திரும்பி வருவே?"

அவளுக்கு உலக அரசியல் தெரியாது. போர்த் தந்திரம் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியில் எல்லாம் அடங்கி இருக்கிறது. எதற்காகப் போகிறாய்? போன வேலை எப்போது முடியும்? முடிந்தது என்று யார் சொல்வார்கள்? எந்த வழியாக வீடு வந்து சேர்வாய்?

ஒரு படையை அந்நிய மண்ணுக்கு அனுப்பும் சர்க்கார் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். அதைக் கேட்காமல் அனுப்பினால் என்ன ஆகும்? இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையின் கதையே அதற்குப் பதில்.

ஒரே இரவில் போன படை

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்கள் மீது பெரும் கலவரம் நடந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்கு ஓடி வந்தன. அங்கே போர் மூண்டது. 1987 ஜூன் 4-ந்தேதி, முற்றுகையில் இருந்த யாழ்ப்பாணத்து மக்களுக்காக இந்திய விமானங்கள் வானில் இருந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டன.

அடுத்த மாதமே ஒப்பந்தம் வந்தது. ஜூலை 29-ந்தேதி கொழும்பு நகரில் இந்தியப் பிரதமர் ராஜீவ்காந்தியும், இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனேயும் கையெழுத்துப் போட்டார்கள். தமிழ்ப் பகுதிகளுக்கு மாகாண ஆட்சி கிடைக்கும். போராளிகள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். சண்டை நிற்பதற்கு இந்தியா காவல் இருக்கும். இதுதான் ஏற்பாடு.

மறுநாளே இந்தியச் சிப்பாய்கள் யாழ்ப்பாணத்தில் போய் இறங்கினார்கள். மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். "நம்மைக் காப்பாற்ற வந்தவர்கள்" என்று மகிழ்ந்தார்கள்.

அதே நாளில் கொழும்பில் இன்னொரு சம்பவம் நடந்தது. அணிவகுப்பு மரியாதையை ஏற்றுக்கொண்டு நடந்த ராஜீவ்காந்தியை, வரிசையில் நின்ற இலங்கைக் கடற்படைச் சிப்பாய் ஒருவன் துப்பாக்கியால் ஓங்கி அடித்தான். தெற்கே சிங்களர் மத்தியில் எவ்வளவு கோபம் இருந்தது என்பதற்கு அது அடையாளம். வடக்கே மாலை; தெற்கே அடி! இரண்டையும் ஒன்றாக வைத்து யோசித்திருக்க வேண்டும்.

காவல் வேலை போர் ஆயிற்று

அமைதி இரண்டு மாதம்கூட நீடிக்கவில்லை. செப்டம்பர் 26-ந்தேதி உண்ணாவிரதம் இருந்த திலீபன் இறந்தார். அக்டோபர் 5-ந்தேதி, இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டிருந்த விடுதலைப்புலிகள் பலர் விஷம் தின்று மாண்டார்கள். அக்டோபர் 10-ந்தேதி இந்தியப் படைக்கும் விடுதலைப்புலிகளுக்கும் இடையே சண்டை தொடங்கியது.

காவல் காக்கப் போன சிப்பாய் போர் செய்யும்படி ஆயிற்று. யாரைக் காக்கப் போனானோ, அவர்கள் தெருவிலேயே துப்பாக்கி நீட்டும்படி ஆயிற்று.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இருந்து இறக்கிவிடப்பட்ட சீக்கியச் சிப்பாய்கள் 30 பேர். அவர்களில் 29 பேர் அங்கேயே மாண்டார்கள். நவம்பர் 25-ந்தேதி மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்துச் சண்டையிட்டு உயிர் துறந்தார். அவர் மறைவுக்குப் பின் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. அவர் பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தமிழன் ஒருவன், தமிழ் மண்ணில், தமிழர் குண்டுக்குப் பலியானான்!

துயரம் ஒரு பக்கம் மட்டும் அல்ல. அக்டோபர் 21-ந்தேதி, தீபாவளிச் சமயம். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை புகுந்தது. நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று 60-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள். உள்ளே இருந்து புலிகள் சுட்டார்கள், இடையில் சிக்கி இவர்கள் மாண்டார்கள் என்று ராணுவத் தரப்பு சொன்னது. நிராயுதபாணிகளைச் சுட்டுக் கொன்றார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். மாலை போட்ட கைகள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதன.

சில வாரங்களில் முடிந்துவிடும் என்று எண்ணிய சண்டை முடியவில்லை. ஒரு டிவிஷனாகப் போன படை நான்கு டிவிஷனாகப் பெருகியது. ஏறக்குறைய 32 மாதங்கள் ஓடின. சுமார் 1,200 இந்தியச் சிப்பாய்கள் உயிர் இழந்தார்கள். மாண்ட தமிழ் மக்களும், போராளிகளும் அதைவிட அதிகம்.

நான்கு பக்கம் நான்கு வாதம்

படையைத் திரும்ப அழைப்பதா, வேண்டாமா? 1989-ம் ஆண்டு முழுவதும் இதுதான் பேச்சு.

இலங்கையின் புதிய ஜனாதிபதி பிரேமதாசா, ஜூன் 1-ந்தேதி பகிரங்கமாகக் கெடு வைத்தார். "ஜூலை 29-க்குள் இந்தியப் படை வெளியேற வேண்டும்" என்றார். எங்கள் நாட்டில் அந்நியப் படை எதற்கு என்பது அவர் வாதம். அவரும் புலிகளும் அப்போது பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டு இருந்தார்கள். இந்தியப் படை போகவேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டார்கள்.

டெல்லி சர்க்கார் மறுத்தது. "தமிழ் மக்களின் பாதுகாப்புக்கு வழி என்ன? மாகாணங்களுக்குக் கொடுப்பதாகச் சொன்ன அதிகாரம் எங்கே? அதைச் செய்யுங்கள், படை தானாகத் திரும்பும்" என்றது.

ராணுவ அதிகாரிகளுக்கு வேறு மனக்குறை. முதலில் காவல் என்றார்கள். பிறகு போர் என்றார்கள். ஊர் மக்கள் நடுவே ஒளிந்திருப்பவர்களோடு, கனரக ஆயுதங்களைப் பயன்படுத்தாமல் போரிடச் சொன்னார்கள். யாழ்ப்பாணப் படைக்குத் தலைமை வகித்த ஜெனரல் ஹர்கிரத் சிங், அரசியல் தலைமையோடும் தூதரோடும் தமக்கு இருந்த கருத்து வேற்றுமையைப் பின்னர் புத்தகமாகவே எழுதினார்.

தமிழ்நாட்டில் கொதிப்பு வேறு விதம். "தமிழனைக் காக்கப் போன படை தமிழனையே கொல்வதா?" என்று மேடைதோறும் கேட்டார்கள்.

நான்கு வாதத்திலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. ஆனால் நான்குமே காலம் கடந்து வந்த வாதங்கள். கப்பல் ஏறுமுன் பேசவேண்டியதை, கரையில் இறங்கி இரண்டு வருடம் ஆன பிறகு பேசினார்கள்.

வாபஸ் ஆனது, வரவேற்பு இல்லை

1989 செப்டம்பர் 18-ந்தேதி, ஆண்டு முடிவுக்குள் படையைத் திருப்பி அழைப்பது என்று இரு சர்க்காரும் உடன்பாடு செய்துகொண்டன. டிசம்பரில் டெல்லியில் ஆட்சி மாறி, வி.பி.சிங் பிரதமர் ஆனார். 1990 மார்ச் 24-ந்தேதி கடைசிச் சிப்பாய்கள் திரிகோணமலையில் கப்பல் ஏறினார்கள்.

சென்னைத் துறைமுகத்தில் அவர்களை வரவேற்க முதல்-மந்திரி கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பது அவர் நிலை. நாட்டுக்காக ரத்தம் சிந்தியவனை அவமதிப்பதா என்று மற்றவர்கள் கொதித்தார்கள். அந்த வாதம் பல ஆண்டுகள் ஓயவில்லை.

இதில் ஒன்றை எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும். சிப்பாய் தானாகப் போனவன் அல்ல, அனுப்பப்பட்டவன். கொள்கை தவறு என்றால், கேள்வி கேட்க வேண்டிய இடம் மந்திரிசபை. கப்பலில் இருந்து இறங்கும் களைத்த மனிதன் அல்ல. அதே சமயம், யாழ்ப்பாணத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் அழுகையையும் தேசபக்தி என்ற பேரால் மூடி மறைக்க முடியாது. சிப்பாய்க்கு மரியாதை, குற்றத்துக்கு விசாரணை. இரண்டும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

விட்டுவிட்டு வந்தவர்கள்

வாபஸ் என்றால் மூட்டை கட்டிக்கொண்டு வருவது மட்டுமா? பின்னால் விட்டு வருகிறவர்களின் கதி என்ன?

இந்தியாவை நம்பி வடகிழக்கு மாகாண ஆட்சியை ஏற்றவர்கள் இருந்தார்கள். படை போகப்போகிறது என்றதும், அவசரம் அவசரமாக இளைஞர்களைச் சேர்த்து ஒரு தமிழ்ப் படை அமைத்தார்கள். பல பிள்ளைகளை வீட்டில் இருந்தும் தெருவில் இருந்தும் பிடித்துப் போனார்கள். இந்தியப் படை விலக விலக, அந்தப் படை புலிகளின் முன்னே சிதறிப் போயிற்று. மாகாண முதல்-மந்திரி வரதராஜப் பெருமாள் இந்தியாவுக்கு வந்துவிட்டார். பிடித்துச் செல்லப்பட்ட அந்தப் பிள்ளைகளுக்கும் தாய்மார் உண்டு. "எப்போது திரும்புவான்?" என்று அவர்களும்தான் காத்திருந்தார்கள்.

1990 ஜூனில் புலிகளுக்கும் இலங்கைப் படைக்கும் மறுபடி போர் மூண்டது. 1991 மே 21-ந்தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ்காந்தி கொல்லப்பட்டார். 1993 மே 1-ந்தேதி கொழும்பில் பிரேமதாசாவும் குண்டுக்குப் பலியானார். போர் 2009 மே மாதம்தான் முடிந்தது. ஒன்றாக இணைக்கப்பட்ட வடக்கும் கிழக்கும், கோர்ட்டுத் தீர்ப்பின்படி 2007-ல் மறுபடி பிரிக்கப்பட்டன.

கடலூர் கோட்டை சொல்லும் பாடம்

இது புதிய கதை அல்ல. மேல்பட்டாம்பாக்கத்தில் ரெயில் ஏறினால் சிறிது நேரத்தில் கடலூர் வந்துவிடும். அந்தக் கடலூரிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது.

1783-ம் ஆண்டு. கடலூருக்குள் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. வெளியே ஆங்கிலத் தளபதி ஸ்டூவர்ட். ஜூன் 13-ந்தேதி கடும் சண்டை. இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கானவர்கள் விழுந்தார்கள். அவர்களில் நம் நாட்டுச் சிப்பாய்களும் உண்டு. ஜூன் கடைசியில் ஒரு செய்தி வந்தது. என்ன செய்தி? ஐரோப்பாவில் ஜனவரி 20-ந்தேதியே இரு நாடுகளும் சமாதானம் செய்துகொண்டன என்ற செய்தி! ஐந்து மாதத்துக்கு முன்பே முடிந்த போரில், அத்தனை பேர் உயிர் விட்டிருந்தார்கள்.

அதன் பின் நடந்தது என்ன? மங்களூர்க் கோட்டையை முற்றுகை இட்டிருந்த திப்பு சுல்தானுக்குத் துணை நின்ற பிரெஞ்சுப் படை, பாதியில் விலகிக்கொண்டது. சென்னைக் கவர்னர் மெக்கார்ட்டினி, தளபதி ஸ்டூவர்ட் மேல் பழி போட்டு அவரைக் கைது செய்து சீமைக்கு அனுப்பினார். ஸ்டூவர்ட் அதை மறக்கவில்லை. 1786-ல் லண்டனில் கவர்னரைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்துச் சுட்டுக் காயப்படுத்தினார்!

பெரியவர்கள் பழியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். கடலூர் மணலில் விழுந்த சிப்பாயின் வீட்டுக்கு யார் பதில் சொன்னார்கள்?

உலகம் முழுவதும் இதே கதைதான். வியட்நாமில் இருந்து அமெரிக்கா 1973-ல் வெளியேறியது. ஆப்கானிஸ்தானத்தில் இருந்து ரஷியப் படை 1989-ல் வெளியேறியது. அதே நாட்டில் இருந்து அமெரிக்காவும் 2021-ல் வெளியேறியது. போகும்போது வழி அகலம். திரும்பும்போது வழி குறுகல்.

நெய்வேலி செய்தது என்ன?

நெய்வேலியில் பூமிக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. அதற்கும் கீழே அழுத்தத்தோடு ஊற்றுநீர் இருக்கிறது. யோசனை இல்லாமல் தோண்டினால் தண்ணீர் பொங்கிச் சுரங்கத்தையே மூழ்கடித்துவிடும். ஆகையால் என்ஜினீயர்கள் தோண்டுவதற்கு முன்பே தண்ணீரை இறைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். எவ்வளவு நீர், எத்தனை பம்பு, எத்தனை காலம் என்று கணக்குப் போட்ட பிறகுதான் மண்வெட்டும் இயந்திரம் இறங்கியது. இன்றும் இரவு பகலாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டேதான் கரி எடுக்கிறார்கள்.

மண்ணைத் தோண்டவே இத்தனை முன்யோசனை வேண்டும் என்றால், மனிதர்களைப் போருக்கு அனுப்ப எத்தனை வேண்டும்?

வள்ளுவர் இதற்காகவே தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று நான்கு அதிகாரங்களை வரிசையாக வைத்தார். யோசித்துச் செய், பலம் பார், காலம் பார், இடம் பார். இலங்கை விஷயத்தில் இந்த நான்கையும் ஒரே இரவில் பார்த்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

படை அனுப்பவே கூடாது என்பது அல்ல. அண்டை வீடு எரியும்போது சும்மா இருக்க முடியாத நேரம் வரும். ஆனால் பார்லிமெண்டில் முதலில் மூன்று பதில்கள் வைக்கப்பட வேண்டும். போகும் வேலை என்ன? அந்த வேலை மாறினால் மறுபடி யாரிடம் உத்தரவு கேட்பது? திரும்பும் நாளில், நம்மை நம்பியவர்களுக்குப் பாதுகாப்பு என்ன?

இலங்கைப் பார்லிமெண்டு கட்டிடத்துக்கு அருகே, மாண்ட இந்தியச் சிப்பாய்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. டெல்லிப் போர் நினைவிடத்திலும் அவர்கள் பெயர்கள் பொறிக்கப்பட்டு இருக்கின்றன. கல்லில் பெயர் வெட்டுவது நல்ல காரியம்தான். ஆனால் கல்லுக்கு முன்பே கணக்குப் பார்ப்பது அதைவிட நல்ல காரியம்.

மேல்பட்டாம்பாக்கம் ரெயிலடியில் நின்று மகனை வழி அனுப்பும் தாய்க்கு டெல்லி என்ன பதில் சொல்லப்போகிறது? அந்தப் பதில் தயாராக இருந்தால் படை புறப்படட்டும். இல்லாவிட்டால், பதில் கிடைக்கும் வரை ரெயில் காத்திருக்கட்டும்.