திருப்தி எங்கிருந்து வரும்?

ஸ்தல ஸ்தாபனச் சிப்பந்திகளுக்கு வேலையில் ஊக்கமில்லை, மனத்திருப்தியில்லை என்று பெரிய உத்தியோகஸ்தர்கள் அடிக்கடி குறைபட்டுக் கொள்ளுகிறார்கள். அதற்குப் பரிகாரமாகப் பயிற்சி வகுப்பு என்றும், பாராட்டுப் பத்திரம் என்றும், பொன்னாடை என்றும் ஏதேதோ சொல்லப்படுகின்றன. நாம் கேட்பது ஒன்றேதான்: நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று தெரியாதவர்களுக்குப் பொன்னாடையினால் திருப்தி வந்துவிடுமா?

திருவள்ளூர் ஜில்லாவையே எடுத்துக்கொள்ளுவோம். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. தொழிற்சாலையில் 24 மாதத்திற்குள் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-லேயே தமிழ்நாட்டில் சட்டம் செய்யப்பட்டது. அதை முதலாளிகள் எவ்வளவு தூரம் மதித்தார்கள் என்பது வேறு சங்கதி. ஆனால், முதலாளிக்கு அவ்வளவு நியாயம் சொன்ன சர்க்கார், ஸ்தல ஸ்தாபனங்களில் தெருக்கூட்டுகிறவர்களைக் கண்டிராக்டர் கையில் விட்டுவிடுவது எந்த ஊர் நியாயம்? குப்பை நிரந்தரம், சாக்கடை நிரந்தரம், அதை அள்ளுகிறவர்கள் மாத்திரம் தற்காலிகமா?

2020-இல் துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் தூய்மைப் பணியாளர் என்று மாற்றப்பட்டது. நல்லதுதான். பெயர் மாறிற்று, நிலைமை மாறிற்றா? 2025 ஆகஸ்டில், இந்த ஜில்லாவை அடுத்த சென்னையிலே, இரண்டு மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியார் கம்பெனிக்கு விட்டதை எதிர்த்துத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பெண்கள் ஏராளம். நடுஇரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். ஆகஸ்டு 14ந் தேதி மந்திரிசபை காலை உணவு, இன்ஷூரன்ஸ் முதலிய சலுகைகளை அறிவித்தது. சோறு போடுவதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால், அவர்கள் கேட்டது வேலைக்கு உறுதி, கிடைத்தது இட்டிலி!

நிற்க, சம்பளமும் நிரந்தரமும் மாத்திரம் போதுமா என்றால், போதாது என்றே சொல்லுவோம். மனிதன் மலத்தை மனிதன் அள்ளுவதை 1993-இலும் 2013-இலும் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும், இந்த வேலை சில ஜாதியார் தலையிலேயே விழுவானேன்? யந்திரம் இருக்க, மனிதன் சாக்கடைக்குள் இறங்குவானேன்? பிறவியின் பேரால் கட்டிவைத்த வேலையில் எவருக்கு உற்சாகம் வரும்?

1968-இல் அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்துக் கறுப்பர்களாகிய குப்பைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வும் கேட்டவர்கள்தான். ஆனாலும், கையில் பிடித்த அட்டைகளில் கூலிக் கணக்கை எழுதவில்லை. 'நான் ஒரு மனிதன்' என்றே எழுதியிருந்தார்கள். இதுவன்றோ திருப்தியின் இரகசியம்?

ஆகவே, வேலைக்கு உறுதி கொடுங்கள். மாதம் தவறாமல் சம்பளம் கொடுங்கள். கைக்கு யந்திரம் கொடுங்கள். ஜாதி பார்த்து வேலை பிரிப்பதை ஒழியுங்கள். இவற்றைச் செய்துவிட்டு ஊக்கம் எங்கே என்று கேட்டால், அது யோக்கியமான கேள்வியாகும். மானத்தைப் பறித்துக்கொண்டு திருப்தியைத் தேடுவது, வேரை வெட்டிவிட்டுப் பழத்திற்குக் காத்திருப்பதேயாகும்.