கூட்டத்தைத் திட்டாதீர்கள், வேலை கொடுங்கள்

2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் காதல் திருமணம் செய்துகொண்ட இருவரை வெட்டினார்கள். கணவர் இறந்துபோனார். கேமராவில் பதிவான அந்தக் காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. அதே வருடம் ஜூன் 24 காலை, நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். உடல் கிட்டத்தட்ட 2 மணி நேரம் அங்கேயே கிடந்தது.

அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். டீக்கடை முதல் டிவி விவாதம் வரை எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "மனிதாபிமானம் செத்துப்போச்சு சார்." இன்றைக்கும் எங்கே எது நடந்தாலும் இதே வசனம். எனக்கு இந்த வசனத்தைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. சொல்பவர் தன்னை அந்தக் கூட்டத்திலிருந்து நைசாகக் கழற்றிக்கொள்கிறார், அவ்வளவுதான். அடுத்த முறை அடிபடுகிறவருக்கு இதனால் காலணா பிரயோஜனம் உண்டா?

சரி, நான் யோக்கியனா? இல்லை.

போன வருடம் ஒரு சாயங்காலம், பஸ் ஸ்டாப்பில் சுமார் 20 பேர் நின்றுகொண்டிருந்தோம். ஒருவன் ஒரு பெண்ணின் தலைமுடியைப் பிடித்து இழுத்து அறைந்தான். நான் என்ன செய்தேன்? யோசித்தேன்! புருஷன் பெண்டாட்டியாக இருக்குமோ, அண்ணன் தங்கையோ, நமக்கெதற்கு என்று யோசித்தேன். பக்கத்தில் இருப்பவர்கள் முகத்தைப் பார்த்தேன். எல்லோரும் சாதாரணமாக இருந்தார்கள். அப்படியென்றால் பெரிய விஷயம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர்களும் என் முகத்தைப் பார்த்து அதையேதான் நினைத்திருப்பார்கள். இரண்டாவது அறை விழுந்தது.

அப்போது பூக்கார அம்மா ஒருவர் எழுந்து கத்தினார். "ஏ கோடு போட்ட சட்டை! கண்ணாடி! உன்னத்தாம்ப்பா, போலீசுக்குப் போன் போடு." அடுத்து ஆட்டோக்காரரிடம், "அண்ணே, வண்டிய அந்தாண்ட குறுக்கால நிறுத்து."

கோடு போட்ட சட்டை நான்தான். யோசிப்பதற்கு முன்பே கை பாக்கெட்டுக்குள் போய்விட்டது. நான் அசைந்ததும் இன்னும் 2 பேர் அசைந்தார்கள். ஆட்டோ நகர்ந்தது. ஐந்தாறு பேர் சுற்றி நின்றதும் அவன் முடியை விட்டுவிட்டுத் திட்டிக்கொண்டே போய்விட்டான். அந்தப் பெண்ணைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தது அந்த அம்மாதான். யாருமே அவனை அடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்த அம்மா ஏழு நொடியில் செய்ததைத்தான் 1968-ல் டார்லி, லட்டானே என்ற இரண்டு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் ஆராய்ச்சி செய்து எழுதினார்கள். தனித்தனி அறைகளில் மாணவர்களை உட்கார வைத்து, இன்னொருவர் வலிப்பு வந்து துடிப்பதுபோல இன்டர்காமில் கேட்க வைத்தார்கள். தான் மட்டும்தான் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அவர் பேசி முடிவதற்குள் உதவி தேடி ஓடினார்கள். இன்னும் 4 பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். நான் பி.காம். படிப்பவன், எனக்கு இது புதிதாகவே தெரியவில்லை. ஆடிட்டிங்கில் முதலில் சொல்லித்தருவதே இதுதானே? வவுச்சரில் யார் கையெழுத்து என்று தெரியாவிட்டால் காசு போன பிறகு ஆபீஸே கையை விரிக்கும். பொறுப்பை ஒரு ஆள் பெயரில் எழுத வேண்டும்.

"அப்போ கூட்டம்னாலே உதவாதுன்னு ஆயிடுச்சே" என்று உடனே கிளம்பாதீர்கள். 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆம்ஸ்டர்டாம், கேப்டவுன், இங்கிலாந்தின் லங்காஸ்டர் ஆகிய ஊர்களின் தெருக் கேமராக்களில் பதிவான 219 தகராறுகளைப் பார்த்தது. பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவராவது குறுக்கே வந்திருக்கிறார். ஆட்கள் அதிகமாக இருந்தால் அந்த வாய்ப்பும் அதிகம். ஆக, கூட்டத்துக்குள் உதவுகிற ஆள் இருக்கிறார். அவரைச் சுண்டி எழுப்பத்தான் ஆள் இல்லை.

அதனால் "யாராவது காப்பாத்துங்க" என்று கத்துவதில் ஒரு பிரச்சினை இருக்கிறது. அந்த "யாராவது" யார்? சட்டை நிறத்தைச் சொல்லுங்கள், கையை நீட்டுங்கள், ஒரு சின்ன வேலையைச் சொல்லுங்கள். நீ 112-க்குப் போன் பண்ணு, நீ கடைக்காரரைக் கூப்பிடு, அக்கா நீங்க இவங்க பக்கத்துல நில்லுங்க. அடிபடுகிறவருக்கு இதையெல்லாம் சொல்லத் தெம்பிருக்காது. பார்த்துக்கொண்டிருப்பவர்களில் ஒருவர் சொன்னால் போதும். கத்தி வைத்திருப்பவன் மீது பாயச் சொல்லி யாரும் உங்களைக் கேட்கவில்லை. சினிமா ஹீரோ மாதிரி பத்துப் பேரை அடிப்பதுதான் உதவி என்று நினைத்தே பாதிப்பேர் சும்மா நிற்கிறோம்.

மிச்சம் இருப்பது பயம். அது நியாயமான பயம். அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் என் நம்பரை எழுதிக் கொடுத்தேன், சாட்சி தேவைப்பட்டால் கூப்பிடச் சொல்லி. வீட்டில் சொன்னதும் அம்மா கேட்டது: "உனக்கு எதுக்குடா கோர்ட்டு கேசு?"

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்தவர் உடலைக் காப்பதற்கும் தற்காப்பு உரிமை உண்டு என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 97-வது பிரிவு சொன்னது, இப்போதைய நியாய சன்ஹிதாவின் 35-வது பிரிவும் சொல்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? ரோட்டில் வண்டி மோதி அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால், தூக்கியவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அதே ரோட்டில் வெட்டுப்பட்டுக் கிடப்பவரைத் தூக்கினால் அந்தப் பிரிவு செல்லாது. லாரி மோதினால் பாதுகாப்பு, அரிவாள் மோதினால் கிடையாது! முதலில் இதை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அதற்குப் பிறகு வேண்டுமானால் மனிதாபிமானத்தைப் பற்றிப் பேசலாம்.