கரண்ட் போச்சா, கோவம் வந்துச்சா?

மத்திகிரியில் ஒரு மாடி அறை. இரவு மணி 11.20. செகண்ட் ஷிஃப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய இளைஞர், மெஸ்ஸில் வாங்கிவந்த சப்பாத்தியை அவசரமாக விழுங்கிவிட்டு, கன்ட்ரோலரோடு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். எதிர்த்து ஆடுபவர் புனேயில் இருக்கும் பாலிடெக்னிக் கூட்டாளி. வீடியோ கேம் கால்பந்து. ஸ்கோர் 0-2. ஆட்டத்தின் 71-வது நிமிடம். தோற்றுக்கொண்டிருப்பவர் மத்திகிரிக்காரர்.

டிவி, ஃபேன், வைஃபை மூன்றும் ஒன்றாக அணைந்தன. ஜன்னல் வழியே பார்த்தால் தெருவே இருட்டு.

புனேக்காரரின் திரையில் வந்ததோ ஒரே ஒரு வரிதான். எதிராளியின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. அடுத்த நிமிடம் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் கேட்டார்: "மச்சி, கரண்ட் போச்சா, கோவம் வந்துச்சா?"

கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள். மத்திகிரிக்காரர் ஜன்னலிலிருந்து தெருவைப் படம் எடுத்து அனுப்பினார். இருட்டைப் படம் எடுத்தால் கறுப்பாகத்தானே வரும்? "கேமராவை விரலால மூடிட்டு எடுத்திருக்கான்டா" என்றார் ஒருவர். மறுபடியும் சிரிப்பு.

சிரிப்புதான். ஆனால் குத்தியது. ஏன் குத்தியது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். போன சீசனில் 0-3 என்று தோற்றுக்கொண்டிருந்தபோது, ரவுட்டர் ஒயரை அவரே பிடுங்கியிருக்கிறார். "நெட் போச்சுடா" என்று குரூப்பில் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். குறைந்தபட்சம், நம்பியதுபோல நடந்துகொண்டார்கள்.

பத்துப் பேர் கொண்ட லீக் இது. ஒரே வகுப்பில் மெக்கானிக்கல் படித்தவர்கள். இப்போது ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், புனே, துபாய் என்று சிதறிவிட்டார்கள். ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேரோடும் இரண்டு முறை மோத வேண்டும். ஆளுக்கு 18 ஆட்டம், மொத்தம் 90. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒருவருக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், இன்னொருவருக்கு நைட். துபாய்க்காரரின் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் விழித்திருந்து, இரண்டு பக்கமும் நெட் ஒழுங்காகக் கிடைத்து ஓர் ஆட்டம் நடப்பதற்குள் வாரம் ஓடிவிடும். பாதியில் ஒருவர் கழன்றுகொண்டால் வீணாவது வெறும் கேம் அல்ல. மறுநாள் காலை ஆறு மணி ஷிஃப்ட்டுக்குக் கிளம்ப வேண்டிய ஒருவரின் தூக்கம்.

குரூப்பின் உச்சியில் விதிகளைப் பின் செய்து வைத்திருக்கிறார்கள். முதல் விதி, 'நிஜ ஃபுட்பால் மாதிரி ஆடணும்'. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்பதில்தான் பாதிச் சண்டை. அணிகள் சமபலமாக இருக்க வேண்டும் என்பதில் தகராறு இல்லை. ஒருவர் ரியல் மாட்ரிட், எதிரே ஒருவர் இரண்டாம் டிவிஷன் கிளப் என்றால் யாருக்கும் சுவாரஸ்யம் இருக்காது. பந்து வெளியே போகும்போது மட்டும்தான் பாஸ் பட்டனைத் தொட வேண்டும் என்பதும் சரி. எதிராளி கோல் அடிக்க ஓடும்போது ஆட்டத்தை நிறுத்தி அவர் கையைக் குழப்புவது பழைய திருட்டுத்தனம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அதிவேக வீரர் ஒருவரை முன்னால் நிறுத்திவிட்டு, ஆட்டம் முழுக்க அவரை நோக்கியே நீளமாகப் பந்தை அடிப்பவரிடம். "இது ஃபுட்பாலா, ஓட்டப்பந்தயமா?" என்று தோற்றவர் கத்துவார். அதில் தப்பில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நிஜத்திலும் பல அணிகள் அப்படித்தான் ஆடுகின்றன. தடுப்பாட்டக்காரர்களைக் கொஞ்சம் பின்னால் இழுத்து நிறுத்தினால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். அழகில்லை என்பதற்காக ஒன்று அநியாயமாகிவிடாது.

கிக்-ஆஃப் கிளிட்ச் விஷயம் வேறு. ஃபிஃபா கேமின் சில பதிப்புகளில், கோல் வாங்கிய அணி நடுக்கோட்டிலிருந்து பந்தை எடுத்த உடனே எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் நிலைக்கு வராமல் தடுமாறுவார்கள். நேராக ஓடினால் கோல். அங்கே எதிராளி எந்தத் தவறும் செய்யவில்லை, தடுமாறியது மென்பொருள். நிஜ மைதானத்தில் நடக்கவே முடியாத ஒன்றை வைத்து கோல் அடித்துவிட்டு, கேமில் இருக்கிறதே என்று வாதாடுபவரை என்ன செய்வது? இந்த லீக்கில் அந்த கோலைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நிஜக் கால்பந்தும் இப்படி அடிபட்டு அடிபட்டுத்தான் திருந்தியது. ஒரு கோல் முன்னிலை கிடைத்ததும் பந்தைத் தங்கள் கோல் கீப்பருக்கே உதைப்பது, அவர் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்துவது, திரும்ப வாங்கித் திரும்பக் கொடுப்பது என்று அணிகள் ஆடிய காலம் ஒன்று இருந்தது. 1990 உலகக் கோப்பையில் இந்தச் சலிப்பு உச்சத்துக்குப் போனது. 1992-ல் விதியை மாற்றினார்கள். தன் அணிக்காரர் காலால் வேண்டுமென்றே தரும் பந்தை கோல் கீப்பர் கையால் தொடக் கூடாது. அதற்கு முன்னால் அப்படி ஆடியவர்கள் யாரும் விதியை மீறவில்லை. பார்த்தவர்கள்தான் கொட்டாவி விட்டார்கள்.

இதையெல்லாம் விதி எழுதிச் சரிசெய்துவிடலாம். எந்த விதிக்கும் அகப்படாதது, பாதியில் போகும் இணைப்புதான். கரண்ட் போனாலும் இணைப்பு போகும். மழைக்கும் போகும். உங்கள் வீட்டில் நடப்பதுபோல, "எத்தனை தடவை கூப்பிடறது, சோறு ஆறுது" என்று அம்மா ரவுட்டரை அணைத்தாலும் போகும். (அம்மாக்கள் கவனத்துக்கு: ஆன்லைன் ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு வந்து தொடர முடியாது. ஆனால் பாதிக்கு ஆறு நிமிடம் என்று 12 நிமிடங்களில் ஒரு மேட்ச் முடிந்துவிடும். கூப்பிடுவதற்கு முன்னால் ஸ்கோர் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், பையன் ஆடிப்போவான்.) தோற்கிற எரிச்சலில் ஒயரைப் பிடுங்கினாலும் அதேபோலத்தான் போகும். எதிர்ப்பக்கத் திரையில் எல்லாவற்றுக்கும் ஒரே வரிதான் வரும்.

பெரிய நிறுவனங்களே இதில் தடுமாறியிருக்கின்றன. ஃபிஃபா 22 கேமில், தோற்கும் நிலையிலிருந்து தோல்வி பதிவாகாமல் வெளியேறும் ஓட்டை ஒன்று இருந்தது. அதைப் பயன்படுத்திய சுமார் 30,000 பேரை 2022 ஜனவரியில் ஈஏ நிறுவனம் தற்காலிகமாக முடக்கியது. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இ-ஸ்போர்ட்ஸ் பதக்கப் பிரிவாகவே இருந்தது. எஃப்சி ஆன்லைன் கால்பந்தில் இந்தியாவுக்காக சரண்ஜோத் சிங், கர்மன் சிங் டிக்கா இருவரும் ஆடினார்கள். அதுபோன்ற மேடைகளில் இரு போட்டியாளர்களும் ஒரே அரங்கில் உட்கார்கிறார்கள். நடுவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஒயரைப் பிடுங்கினால் ஊரே பார்க்கும். மாடி அறைக்கு ஏது நடுவர்?

நடுவர் இருந்தும் பாதியில் வெளியேறிய கதை, மத்திகிரியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் நடந்தது. பெங்களூரு கண்டீரவா மைதானம், 2023 மார்ச் 3. ஐ.எஸ்.எல். பிளேஆஃப். பெங்களூரு எஃப்சி, கேரளா பிளாஸ்டர்ஸ் இரண்டு அணிகளும் கோல் இல்லாமல் கூடுதல் நேரத்துக்குப் போயின. பெங்களூருவுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. கேரள வீரர்கள் சுவர் அமைத்துக்கொண்டிருக்க, கோல் கீப்பர் இடம் பார்த்துக்கொண்டிருக்க, சுனில் சேத்ரி விசிலுக்குக் காத்திருக்காமல் பந்தைத் தூக்கி வலைக்குள் போட்டார். நடுவர் கோல் என்றார். கேரளப் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் அணியை மைதானத்தை விட்டே வெளியே அழைத்துக்கொண்டு போனார். அவர்கள் திரும்பி வரவில்லை. பெங்களூரு 1-0 என வென்றதாக அறிவிக்கப்பட்டது. பிறகு இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு கேரள அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் அபராதமும் கிடைத்தன.

சேத்ரி செய்தது சரியா என்று இன்றைக்குக் கேட்டாலும் சண்டை வரும். ஓசூர் தொழிற்சாலை கேன்டீன்களில் மலையாளிகளும் பெங்களூரு ரசிகர்களும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள் என்பதால் கவனமாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. சேத்ரியின் கோல் குறுக்குப் புத்தி என்று ஒருவர் சொல்லலாம், சமயோசிதம் என்று இன்னொருவர் சொல்லலாம். ஆனால் மீதி நேரம் அப்படியே இருந்தது. திருப்பி அடிக்க வாய்ப்பு இருந்தது. வெளியேறியதால் அந்த நிமிடங்கள் இரண்டு அணிகளுக்குமே இல்லாமல் போயின.

நேர்மாறாக ஒன்று 1999 பிப்ரவரியில் லண்டனில் நடந்தது. எஃப்ஏ கோப்பையில் ஆர்சனலும் ஷெஃபீல்ட் யுனைடெட்டும் 1-1 என்று இருந்தன. ஷெஃபீல்ட் வீரர் ஒருவர் அடிபட்டு விழ, அவர்களின் கோல் கீப்பர் பந்தை வேண்டுமென்றே வெளியே உதைத்தார். சிகிச்சை முடிந்ததும் ஆர்சனலின் ரே பார்லர் வழக்கப்படி பந்தை ஷெஃபீல்ட் பக்கமே எறிந்தார். அன்றுதான் ஆர்சனலுக்காக முதல் முறை களமிறங்கியிருந்த கானு, அது திருப்பித் தரும் பந்து என்பது புரியாமல் ஓடிப்போய் எடுத்து நடுவே தட்ட, ஓவர்மார்ஸ் கோல் அடித்துவிட்டார். விதிப்படி செல்லும் கோல். 2-1 என ஆர்சனல் வென்றது. ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் ஆர்சன் வெங்கர், மறுபடியும் ஆடலாம் என்று தானே முன்வந்தார். சங்கமும் ஒப்புக்கொண்டது. பத்து நாள் கழித்து மறுபடி ஆடினார்கள். மறுபடியும் 2-1. மறுபடியும் ஆர்சனல்தான்.

மத்திகிரி லீக்கில் ஜெயித்தால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடையாது. கடைசி இடம் பிடிப்பவர், பொங்கலுக்கு எல்லோரும் ஊர் வரும்போது பிரியாணி வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். ஆரம்பத்தில் ஆளுக்கு 100 ரூபாய் போட்டு, முதல் இடத்துக்கு மொத்தமாகக் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று முடிவெடுத்தது நல்லதாகப் போயிற்று. பணம் கட்டி ஆடி, வென்றால் பணம் என்ற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிவிட்டது. இ-ஸ்போர்ட்ஸை அதே சட்டம் தனியாக அங்கீகரிக்கிறது. நண்பர்கள்தானே என்று பணம் வசூலித்து லீக் நடத்துபவர்கள் கொஞ்சம் யோசிப்பது நல்லது.

பணம் இல்லாததால், இணைப்பைத் துண்டித்தவர் 0-3 என்று தோற்றதாகக் கணக்கு என்ற விதியோடு குரூப் விஷயத்தை முடித்திருக்கலாம். மத்திகிரிக்காரரே அதைத்தான் கேட்டார். "மூணு-ஜீரோ போட்டுக்கோங்க, பேச்சு வேணாம்." கரண்ட் வந்தபோது மணி 12.40. அதற்குள் பாதிப் பேர் தூங்கியிருந்தார்கள்.

புனேக்காரர் தூங்கவில்லை. "எனக்கு மூணு-ஜீரோ வேணாம்டா. 19 நிமிஷம் பாக்கி இருக்கு, ஆடி முடிப்போம்" என்று எழுதினார். புது மேட்ச் ஒன்றைத் தொடங்கி, 19-வது நிமிடத்தோடு நிறுத்தி, அதில் விழும் கோல்களை 0-2-வோடு கூட்டிக்கொள்வது என்பது திட்டம். நிஜக் கடிகாரத்தில் அது இரண்டரை நிமிட வேலை. அதற்காக இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு உட்கார வேண்டும்.

மத்திகிரிக்காரர் உடனே பதில் போடவில்லை. குரூப்பில் 'டைப்பிங்' என்று வருவதும் மறைவதுமாக இருந்தது. ஒரு மணிக்கு மேல் ஒரு வரி வந்தது.

"இன்னிக்கு கரண்ட்தான்டா. போன சீசன்ல 0-3 அப்போதான் கோவம்."

காலை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்கு எழுந்தவர்கள்தான் அதை முதலில் பார்த்தார்கள். ஸ்ரீபெரும்புதூர்க்காரர் ஒரு தம்ஸ்-அப் போட்டார். துபாய்க்காரர், போன சீசனில் அந்த மேட்ச்சை எதிர்த்து ஆடியவர், "தெரியும்டா" என்று மட்டும் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கரண்ட் இருந்தது. 19 நிமிடத்தில் மத்திகிரிக்காரர் ஒரு கோல் அடித்தார். முடிவு 1-2. பாயின்ட் டேபிளில் எட்டாவது இடம். மதியம் ஷிஃப்ட் இல்லை என்பதால் இன்னொரு மேட்ச் ஆடலாமா என்று புனேக்காரரைக் கேட்டார். அது லீக் கணக்கில் வராத ஆட்டம்.