மறுமுறை போக மாட்டோம்!

நம் பள்ளி ஆண்டு மலரைத் திறந்தால் ஆண்டு தவறாமல் அதில் ஒரு கட்டுரை இருக்கும். "எங்கள் இன்பச் சுற்றுலா" என்பது அதன் பெயர். அதிகாலையில் பேருந்து புறப்படும். மாணவியர் பாட்டுப் பாடுவர். இயற்கை அன்னையின் எழில் கண்டு உள்ளம் பூரிப்பர். இறுதியில் பசுமையான நினைவுகளுடன் இல்லம் திரும்புவர். பத்தாம் வகுப்பை முடித்து இப்பள்ளியை விட்டுப் பிரியப்போகும் நாங்கள், ஒரு முறையாவது மாற்றி எழுதிப் பார்க்கலாம் என்று வகுப்பில் கூடிப் பேசி முடிவு செய்தோம். போய்வந்த இடங்களில் பல எங்களை ஏமாற்றின. போன விதமாகவே மீண்டும் போவதென்றால், நாங்கள் வரமாட்டோம்.

அருட்சகோதரியரும் பெற்றோரும் இதை நன்றியின்மை என்று எண்ணிவிடக் கூடாது. ஊரப்பாக்கத்தில் இருப்பவர்களுக்குப் பார்க்கும் இடங்களுக்கா பஞ்சம்? வடக்கே கூப்பிடு தூரத்தில் வண்டலூர். தெற்கே செங்கற்பட்டைத் தாண்டினால் வேடந்தாங்கல். கிழக்கே திரும்பினால் திருக்கழுக்குன்றம், அதற்கப்பால் மாமல்லபுரம். அங்கிருந்து கடலோரமாக வந்தால் வடநெம்மேலி முதலைப் பண்ணை, கோவளம், முட்டுக்காடு. வெளியூரார் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்து பார்க்கும் இடங்கள் நமக்குக் கொல்லைப்புறம் போல. ஆகவே இடங்களின் மீது எங்களுக்கு வழக்கில்லை. எங்கள் வழக்கு கடிகாரத்தின் மீது.

நம் பள்ளிச் சுற்றுலாவுக்கு எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. விளக்கு வைப்பதற்குள் பெண்பிள்ளைகள் வீட்டில் இருக்க வேண்டும். பள்ளி வாசலில் காலை எட்டு மணிக்குக் கூடி, பெயர் கூப்பிட்டு, எண்ணி ஏற்றி, ஜெபம் சொல்லிப் புறப்படும்போது ஒன்பது ஆகிவிடும். மாலை ஐந்தரைக்குத் திரும்பியாக வேண்டும். எனவே எந்த இடமானாலும் நாங்கள் போய்ச் சேர்வது உச்சி வெயிலில். பத்து ஆண்டுகளில் நாங்கள் பார்த்த உலகம் முழுவதும் மதியம் பன்னிரண்டு மணி உலகம்தான்.

வண்டலூருக்கு மட்டும் மூன்று முறை போயிருக்கிறோம். 1855 ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்டு, 1985 ஆம் ஆண்டு இங்கே இடம் மாறிய பழம்பெரும் உயிரியல் பூங்கா அது. 602 ஹெக்டேர் பரப்பு என்று பொது அறிவுப் போட்டிக்காக மனப்பாடம் செய்ததும் உண்டு. ஆனால் மூன்று முறையும் நாங்கள் கண்டது புலியின் முதுகைத்தான். புலியைக் குறை சொல்வதற்கில்லை. வெயில் ஏறியபின் நிழலில் படுத்துறங்குவது அதன் இயல்பு. மூன்றாம் முறை போனபோது நாங்களும் அதைப் போலவே ஒரு மரநிழலில் படுத்துவிட்டோம். சிஸ்டர் வந்து எழுப்பினார்கள்.

கடற்கரைச் சாலையில் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கும் அழைத்துச் சென்றார்கள். பெயர் வேண்டாம். ஒரு மணி நேரம் வரிசையில் நின்று இரண்டு நிமிடம் சுற்றி வந்தோம் என்பதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வேடந்தாங்கல் கதை வேறு. நாங்கள் போனது ஜனவரி மாதம்; சரியான பருவம்தான். ஊரார் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளை வேட்டையாட விடாமல் காத்துவரும் ஏரி அது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதால், அவர்களுக்கும் அதில் நன்மை உண்டு. 1798 ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேய அரசு அந்தக் காவலை ஏற்றுக்கொண்டதாம். 2022 ஆம் ஆண்டு அது ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. இத்தனையும் பேருந்தில் ஆசிரியை சொல்லக் கேட்டு ஆவலோடு இறங்கினோம். ஏரிக்கரையில் நின்று பார்த்தால், வெகு தொலைவில், துணி உலர்த்தியது போல மரங்களின் மீது சில நாரைகள். அவ்வளவே! மற்றவை எங்கே? பகலெல்லாம் அவை சுற்றுவட்டார வயல்களிலும் ஏரிகளிலும் இரை தேடிக்கொண்டிருக்கும். பொழுது சாயும்போதுதான் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். கரையில் நின்ற ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "நாலு மணிக்கு மேல வாங்கம்மா. அப்ப பாருங்க, வானமே தெரியாது" என்றார். நாலு மணிக்கு எங்கள் பேருந்து சிங்கப்பெருமாள்கோவில் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தது.

இப்படிப்பட்ட எங்களுக்கு, நண்பகலில் மட்டுமே பார்க்க வேண்டிய ஓர் இடம் உண்டென்றால் எப்படி இருக்கும்! திருக்கழுக்குன்றம் அத்தகைய இடம். பட்சி தீர்த்தம் என்று அதற்கே ஒரு பெயர் உண்டு. வேதகிரி மலையின் மேல் நாள்தோறும் நண்பகலில் இரண்டு கழுகுகள் வந்திறங்கி, அருச்சகர் கையிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வாங்கி உண்டு பறந்துபோகும். காசியில் நீராடிவிட்டு இங்கே உணவுக்கு வருகின்றன என்பது வழிவழி வந்த நம்பிக்கை. பல நூற்றாண்டுகளாக அவற்றைக் காணக் கூட்டம் வந்தது. 17 ஆம் நூற்றாண்டில் வந்த டச்சுக்காரர்கள் அம்மலையில் உள்ள ஒருகல் மண்டபத்தில் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் பாட்டிமாரில் பலர் அந்தக் கழுகுகளைக் கண்ணால் கண்டவர்கள். "வெள்ளை வெளேரென்று இருக்கும், மூஞ்சி மட்டும் மஞ்சள் பூசினாற்போல இருக்கும்" என்று ஒரு பாட்டி சொன்னது எங்கள் வகுப்பு முழுவதும் பரவியிருந்தது.

ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளை மூச்சு வாங்க ஏறினோம். மணி பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம். எங்கள் வாழ்விலேயே முதல் முறையாகச் சரியான இடத்தில், சரியான நேரத்தில் நின்றோம். பாறை இருந்தது. வெயில் இருந்தது. பறவை வரவில்லை. 1998 ஆம் ஆண்டுக்குப் பிறகு அவை வருவதே இல்லையாம். கீழே பூக்கடை அம்மாள் சொன்னபோது எங்களில் இருவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஊர் திரும்பியதும் உயிரியல் ஆசிரியையிடம் கேட்டோம், நூலகத்திலும் தேடினோம். அப்பறவை மஞ்சள்முகப் பாறு. செத்த விலங்குகளைத் தின்று ஊரைத் தூய்மை செய்யும் இனம். ஆப்பிரிக்காவில் இதே பறவை அலகில் கல்லைக் கவ்வி எறிந்து தீக்கோழி முட்டையை உடைத்துத் தின்னுமாம். அத்தனை கெட்டிக்காரப் பறவை! மாடுகளின் வலி தீரக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, செத்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. வெண்முதுகுப் பாறு என்னும் இனத்தில் 1990களிலிருந்து 2007க்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் இந்தியாவில் அழிந்தது. மஞ்சள்முகப் பாறும் வெகுவாகக் குறைந்தது. 2006 ஆம் ஆண்டு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தரக்கூடாதென்று இந்திய அரசு தடை செய்தது. இன்று தமிழ்நாட்டில் பாறுகளைக் காண வேண்டுமானால் நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் போக வேண்டும்.

பாட்டி போன இடத்திற்கு நாங்களும் போனோம். பாட்டி கண்டதை நாங்கள் காணவில்லை. மற்ற இடங்களில் மாலையில் போனால் கிடைத்துவிடும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். இங்கே எந்த நேரத்தில் போனால் கிடைக்கும்?

அன்றே மாமல்லபுரமும். அதை ஏமாற்றிய இடங்களின் பட்டியலில் சேர்க்க எங்களுக்கே மனம் வரவில்லை. 1984 ஆம் ஆண்டிலேயே உலக மரபுச் சின்னமான ஊர் அது. ஆயினும் ஐம்பது நிமிடத்தில் கடற்கரைக் கோயில், ஐந்து இரதங்கள், அருச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டை எல்லாம் பார்க்கச் சொன்னால் என் செய்வது? இரதங்களின் அருகே மணல் சுட்டு நொண்டிக்கொண்டு நடந்தோம். அருச்சுனன் தபசுப் பாறை கிழக்கு நோக்கியது. காலை இளவெயில் நேரே விழுந்தால்தான் அதன் உருவங்கள் எழுந்து வரும். அதில் ஒரு பூனை முன்கால்களைத் தூக்கிப் பொய்த்தவம் செய்ய, எலிகள் அதை நம்பி நிற்கும். ஒரு மான் பின்காலால் மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கும். பூனையை எங்களில் ஏழு பேர் பார்த்தோம், மானை ஒருத்தி மட்டும் பார்த்தாள். வெண்ணெய் உருண்டையின் முன் மட்டும் எல்லாரும் நின்றோம். அதைக் கையால் தள்ளுவது போலப் படம் எடுக்க வேண்டுமல்லவா! 2019 அக்டோபரில் சீன அதிபர் வந்துபோன பிறகு அந்தப் பாறையைப் பார்க்கவும் 40 ரூபாய் கட்டணம் என்று ஆயிற்று.

பாரிஸ் நகரத்து லூவர் அருங்காட்சியகத்தில் மோனாலிசா ஓவியத்தைப் பார்க்கப் போகிறவர்களும் ஏமாந்து திரும்புவதாகப் படித்தோம். 77 செ.மீ. உயரமும் 53 செ.மீ. அகலமுமே உள்ள படமாம். முன்னால் நிற்பவர்களின் தலைகளும் கைப்பேசிகளும்தான் தெரியுமாம். கடல் கடந்து போனவர்கள் நிலையே இதுவென்றால் நாம் எம்மாத்திரம் என்று சிரித்துக்கொண்டோம்.

சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. கடைசிச் சுற்றுலாவுக்குத் தலைக்கு 1,200 ரூபாய். எங்கள் வகுப்பில் நான்கு பேர் வரவில்லை. இருவருக்கு உடல்நலமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். உடல்நலம் நன்றாகவே இருந்தது என்பது எங்களுக்குத் தெரியும். திரும்பி வந்தபின் அவர்கள் "எப்படி இருந்தது?" என்று கேட்டார்கள். "ரொம்ப நன்றாக இருந்தது" என்று சொல்வதா, "ஒன்றுமில்லை, நீங்கள் வராததே நல்லது" என்று சொல்வதா? எதைச் சொன்னாலும் அவர்கள் மனம் வருந்தும்.

விளக்கு வைக்கும் சட்டத்தின் காரணம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. காலம் அப்படி, எங்கள் அன்னையரும் அதையே சொல்வார்கள். ஆனால் எங்கள் அண்ணன்மார், தம்பிமார் படிக்கும் பள்ளிகளில் வேடந்தாங்கல் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். வானம் மறையப் பறவைகள் வந்ததை வீட்டில் வந்து அவர்கள்தாம் சொல்கிறார்கள். பறவைகள் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமா வீடு திரும்புகின்றன?

ஆகவே வரும் ஆண்டு பத்தாம் வகுப்புக்கு வரும் தங்கைமாருக்காக ஒரு கோரிக்கை. ஐந்து இடம் வேண்டாம், ஓரிடம் போதும். ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மதியச் சாப்பாட்டிற்குப் பிறகு ஊரப்பாக்கத்திலிருந்து செங்கற்பட்டு வரை மின்சார ரயில். அங்கிருந்து வாடகைப் பேருந்தில் வேடந்தாங்கல். நாலு மணி முதல் ஆறு மணி வரை ஏரிக்கரை. இரவு எட்டரைக்குள் வீடு. துணைக்கு எங்கள் அன்னையரில் ஆறு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் இதுவரை அந்த ஏரியை மாலையில் பார்த்ததில்லையாம். தலைக்கு 300 ரூபாய்க்கு மேல் ஆகாது. கணக்கை எழுதித் தலைமையாசிரியை சிஸ்டரிடம் கொடுத்திருக்கிறோம். "பார்ப்போம்" என்று சொல்லி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில், அவ்வகுப்பு மாணவி ஒருத்தி